ஜப்பான் பயணம்: வழி முடிவாகிவிட்டது

அனைவருக்கும் வணக்கம். நவம்பர் மூன்றாம் வாரம் கிளம்புவதால் நிக்கோ என்ற மலை ஊரை விட்டுவிடலாம். அங்கே மலை மேலே அக்டோபரிலேயே இலைகள் சிவந்துவிடும், நாம் போகும்போது பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். டோக்கியோ, ஹக்கோனே, கியோட்டோ, கடைசியாக நாரா. இது போதும்.

கியோட்டோவுக்குத்தான் அதிக நாள் வேண்டும். மேப்பிள் மரங்கள் அங்கே நவம்பர் பிற்பகுதியில்தான் உச்சத்துக்கு வரும். தோஃபுகுஜி கோயிலின் மரப்பாலத்தில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் சிவப்பாகத் தெரியும். அதைத் தவறவிடவே கூடாது, கதவு திறக்கும் முன்பே போய் நிற்போம். நவம்பர் 23 அங்கே அரசு விடுமுறை, கூட்டம் தாங்காது. அன்றைக்குக் கோயில் எதுவும் வேண்டாம்.

ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போகக்கூடிய சீட்டு) வாங்காதீர்கள். 7 நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆகிவிட்டது. நம் வழிக்குத் தனித்தனி டிக்கெட்டே மலிவு. பெரிய பெட்டிகளை டோக்கியோ ஹோட்டலிலிருந்தே கூரியரில் கியோட்டோவுக்கு அனுப்பிவிடலாம், ஹக்கோனேயில் கைப்பை மட்டும் போதும். மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும் என்பதால் தினமும் ஏழு மணிக்கே கிளம்ப வேண்டியிருக்கும்.

அப்புறம், விசாவுக்கான பாஸ்போர்ட் நகலை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம்.