அது யாருடைய குரல்?

அன்புள்ள வேலு,

கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். படிப்பைக் கொஞ்சம் குறை என்றால் நீ எங்கே கேட்கப்போகிறாய். இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவளுக்குத் திருச்சிக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. வீடு முழுக்கப் பேரன் ராஜ்ஜியம்தான்.

ஃப்ளோபேரின் பிரெஞ்சு நாவல் ‘மதாம் பொவாரி’யைப் பாதியில் மூடிவிட்டாயாமே. “கதாநாயகி எம்மா உருகுகிற இடத்திலெல்லாம் ஆசிரியரும் கூடவே உருகுகிறார், இதில் என்ன பெரிய உத்தி?” என்று கேட்டிருக்கிறாய். நல்ல கூட்டாளி கிடைத்திருக்கிறார் உனக்கு. 1857 தொடக்கத்தில் இந்த நாவல் ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்று பாரிஸ் கோர்ட்டில் ஃப்ளோபேர்மீது வழக்கு நடத்திய அரசு வக்கீல் எர்னெஸ்ட் பினாரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்.

அவர் பிடித்துக்கொண்ட இடங்களில் ஒன்று கண்ணாடிக் காட்சி. கல்யாணமான எம்மா, ரொதோல்ஃப் என்பவனோடு குதிரையேறிக் காட்டுக்குப் போய் வந்து கண்ணாடி முன் நிற்கிறாள். தன் கண்கள் இவ்வளவு பெரிதாக, கறுப்பாக, ஆழமாக என்றுமே இருந்ததில்லையே என்று வியக்கிறாள். எனக்கொரு காதலன், எனக்கொரு காதலன் என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறாள். வில்லங்கம் அதற்கடுத்த வரிகளில். ஏதோ அற்புதத்துக்குள் அவள் நுழைகிறாள், அங்கே எல்லாமே மோகம், பரவசம், பித்து. ‘என்று நினைத்தாள்’ என்ற வால் கிடையாது, மேற்கோள் குறியும் கிடையாது. கூடா ஒழுக்கத்தை ஆசிரியரே துதி பாடுகிறார் என்று பினார் கொதித்துவிட்டார்.

ஆனால் வேலு, அந்தச் சொற்கள் யாருடையவை? கன்னிமாடத்துப் பள்ளியில் திருட்டுத்தனமாகப் படித்த காதல் கதைகளிலிருந்து எம்மா திரட்டி வைத்தவை. வாக்கியம் ஆசிரியருடையது, அதற்குள் ஓடுகிற மூச்சு அவளுடையது. அந்த வாலைச் சேர்த்திருந்தால் நாம் வெளியே பத்திரமாக நின்று அவளுக்குத் தீர்ப்பு எழுதியிருப்போம். இப்போது ஒரு வரி தூரம் அவளோடு மயங்கிவிட்டுத்தான் விழித்துக்கொள்கிறோம். பிப்ரவரி 7 அன்று ஃப்ளோபேருக்கு விடுதலை கிடைத்தது, நீதிபதிகள் நாலு வார்த்தை கண்டித்துவிட்டே விட்டார்கள்.

நீ மூடி வைத்த இடம் இரண்டாம் பாகத்து விவசாயக் கண்காட்சி என்று ஊகிக்கிறேன். அங்கே இதே வித்தையைத் தலைகீழாகச் செய்கிறார். ஊர்மன்றத்து மாடி ஜன்னலருகே ரொதோல்ஃப் எம்மாவிடம் காதல் பேசுகிறான். கீழே மேடையில் அதிகாரிகளின் பிரசங்கம், மாடுகளின் கத்தல், பரிசு அறிவிப்பு. போகப்போக இரண்டும் வரிக்கு வரி மாறி வருகின்றன. நூறு முறை விலகிப்போக நினைத்தும் உங்கள் பின்னாலேயே வந்தேன் என்று அவன் சொல்லி முடிக்க, கீழேயிருந்து “எரு!” என்று ஒரு சத்தம். எருவுக்கான பரிசு! ஆசிரியர் வாயே திறக்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காக மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய மனிதர், ஒரு சிம்பொனியின் விளைவைப் புத்தகத்தில் கொண்டுவர முடியுமென்றால் அது இங்கேதான் என்று காதலி லூயீஸ் கொலேவுக்கு எழுதினார்.

அதே மேடைக்குக் கேத்ரீன் லெரூ என்ற கிழவி வருவாள். ஒரே பண்ணையில் 54 வருஷம் உழைத்ததற்கு 25 பிராங்க் பெறுமான வெள்ளிப் பதக்கம். எனக்குப் பூசை வைக்கச் சொல்லிப் பாதிரியாரிடம் கொடுத்துவிடுவேன் என்கிறாள். மாடியில் அத்தனை சொற்கள் கொட்டுகின்றன, இவளுக்கு இந்த ஒரு வாக்கியம்தான். நான் அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாமல் நின்றேன்.

எல்லாமே இப்படி அமைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எம்மா சாகிற நேரத்தில் குருட்டுப் பிச்சைக்காரன் சரியாக ஜன்னலுக்கு அடியில் வந்து பாடுவது எனக்கு இன்றும் நாடகத்தனமாகவே படுகிறது.

கண் தேறியதும் கண்காட்சி அத்தியாயத்தை வாய்விட்டுப் படி. மாடிப் பேச்சை நீயும் மேடைப் பேச்சைத் தங்கச்சியும் வாசித்தால் இன்னும் விசேஷம். தை பிறந்ததும் வருவதாக எழுதியிருக்கிறாய், கட்டாயம் வா. மருந்துக்கடைக்காரன் ஒமே ஊருக்கு உபகாரி என்று வேறு எழுதியிருக்கிறாயே, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
ராகவன்