பனி பார்க்கப் போகும் பிள்ளைகள்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

தமிழ்ப்பள்ளி, கோலாலம்பூர்

அன்புள்ள பெற்றோர்களே,

வணக்கம். ஆண்டிறுதி விடுமுறைக்குக் கொரியா, ஜப்பானின் ஹொக்காய்டோ, காஷ்மீர் என்று கிளம்பும் குடும்பங்கள் நம் பள்ளியிலும் உண்டு. போய் வாருங்கள், மகிழ்ச்சிதான். ஆனால் 32 பாகை செல்சியஸ் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு விரல் மரத்துப்போவது ஆபத்தின் முதல் அறிகுறி என்று தெரியாது. விளையாட்டு மும்முரத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டான்.

தோல் உறைநிலைக்குக் கீழே போகும்போது திசுவுக்குள் பனித்துகள்கள் உருவாகி உயிரணுக்களின் நீரை உறிஞ்சுகின்றன. ரத்தக் குழாய்களும் சுருங்கிவிடும். இதுதான் பனிக்கடி. விரல், கால்விரல், காது, மூக்கு, கன்னம் ஆகியவை முதலில் அடிபடும். காற்று வீசினால் நிலைமை மோசமாகும். காற்றையும் சேர்த்து உணரப்படும் குளிர் −28 பாகைக்குக் கீழே இறங்கினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். ஆகவே வானிலைச் செயலியில் வெறும் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ‘உணரப்படும்’ வெப்பநிலையையும் பாருங்கள்.

தோல் சிவந்து பிறகு வெளுக்கும் என்றுதான் பல குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அது சட்டென்று தெரியாது. சாம்பல் பூத்தாற்போல் மங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தொட்டும் பாருங்கள். குத்தல், எரிச்சல் இருந்து தோல் மென்மையாகவே இருந்தால் ஆரம்பக் கட்டம்தான். உள்ளே அழைத்துப் போய்க் கையை அக்குளில் வைத்தால் சரியாகிவிடும். மெழுகுபோல் இறுகி உணர்ச்சியே இல்லை என்றால் பனிக்கடி. அரை மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பாவிட்டாலும் அப்படியே கொள்ளுங்கள்.

அப்போது முதல் வேலை, கதகதப்பான இடத்துக்குப் போய் ஈர உடைகளைக் கழற்றுவது. மோதிரம், வளையல், கொலுசு எல்லாவற்றையும் உடனே எடுத்துவிடுங்கள். பனி இளகியதும் விரல் வீங்கி, எடுக்க முடியாமல் போகும். பிள்ளை நடுக்கம் நின்று, பேச்சு குழறி, சோர்ந்து கிடந்தால் உடல் வெப்பமே இறங்கிவிட்டது என்று பொருள். விரலை விட்டுவிட்டு உடம்பைப் போர்த்தி ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் 119, இந்தியாவில் 112.

இனி வெந்நீர். 37 முதல் 39 பாகை, அதற்கு மேல் வேண்டாம். குளியல் வெப்பமானி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் பெரியவர் முழங்கையால் சோதிக்கலாம். பிள்ளையின் கையால் சோதிக்கவே கூடாது. மரத்த கைக்குச் சூடு தெரியாது, கொதிநீரில்கூட விட்டுவிடும். உறைந்த பகுதி பாத்திரத்தின் அடியில் படாமல் 15 முதல் 30 நிமிடம் மூழ்கியிருக்கட்டும். நீர் சீக்கிரம் ஆறிவிடும். கையை வெளியே எடுத்த பிறகே வெந்நீர் ஊற்றிக் கலக்கி, மறுபடி வையுங்கள். தோல் மென்மையாகி நிறம் திரும்பும்வரை இப்படிச் செய்ய வேண்டும். ரத்தம் திரும்பும்போது வலி கடுமையாக இருக்கும், பிள்ளை அலறும். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்தாதீர்கள்.

வலிக்கு இபுபுரோஃபென் கொடுக்கலாம், எடைக்கேற்ற அளவில். டெங்கி பயத்தில் நாம் இதைத் தொடத் தயங்குவது காய்ச்சலுக்கு. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குப் பனிக்கடியில் இது வீக்கத்தையும் குறைக்கும். ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. பிறகு விரல்களுக்கு நடுவே உலர்ந்த துணி வைத்துத் தளர்வாகக் கட்டி, கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ஆழமான பனிக்கடிக்கு, ரத்தக் குழாயில் உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் மருந்து உண்டு, ஆனால் 24 மணி நேரத்துக்குள் போனால்தான் பயன்.

பனியைத் தேய்த்தால் சரியாகும் என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1812-இல் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் சென்ற மருத்துவர் லாரே சொன்ன யோசனை அது. நெருப்பருகே கையை நீட்டிய வீரர்கள் வெந்துபோனதைப் பார்த்துச் சொன்னார். அவர் கவனித்தது சரி, வைத்தியம்தான் தவறு. தேய்த்தால் உள்ளே இருக்கும் பனித்துகளே திசுவைக் கிழிக்கும். நம் வீட்டுக் கோடாலித் தைலத்துக்கும் இதே தடைதான். ஹீட்டர், முடி உலர்த்தி, சூட்டுப் பை எதையும் நேராக வைக்காதீர்கள். மலைமேல் இருக்கிறீர்கள், மறுபடி உறைய வாய்ப்பு உண்டு என்றால் இளக்காமலே கீழே கொண்டுவாருங்கள். இளகி மீண்டும் உறைந்த திசு பெரும்பாலும் பிழைக்காது.

உடையில் ஒன்றே ஒன்று: பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது. காலணி இறுகும்படி இரண்டு காலுறை போடுவதும் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல் பிரியாத கையுறையே சிறந்தது.

எங்கும் போகாதவர்களும் படியுங்கள். உறைபெட்டியிலிருந்து எடுத்த ஜெல் பை −18 பாகையில் இருக்கும். சுளுக்குக்குத் துணி சுற்றாமல் வைத்தால் தோல் உறையும். சுற்றினாலும் 15 நிமிடம் போதும். தோலில் உப்பும் ஐஸும் வைத்து யார் தாங்குவது என்று பிள்ளைகள் போட்டி போட்டால் உடனே தடுங்கள். அந்தக் கலவை −21 பாகைவரை இறங்கும். ஐஸ்கிரீம் கேக்கோடு வரும் உலர்பனி (டிரை ஐஸ்) −78.5 பாகை. வெறுங்கையால் தொடாதீர்கள், மூடிய போத்தலில் போடாதீர்கள், வெடிக்கும். ஒரு கிலோ உலர்பனி சுமார் 540 லிட்டர் கரியமில வாயுவாக மாறும். காரில் கொண்டுவந்தால் மூச்சு முட்டாமல் இருக்கச் சன்னலைத் திறந்து வையுங்கள்.

பயணத்தில் பனிக்கடி பட்ட பிள்ளை இருந்தால் பள்ளி திறந்ததும் வகுப்பாசிரியருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) தெரிவியுங்கள். உறைந்த இடம் பல மாதங்கள் குளிரைத் தாங்காது. கணினி அறையில் குளிரூட்டிக்கு எதிரே உட்கார வைக்காமல் இடம் மாற்றித் தருவோம்.

நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்