கென்சிங்டன் கல்லைப் பார்க்கப் போகும் தமிழ்ப் பள்ளிகளுக்கு

மினசோட்டாவில் தமிழ்ப் பள்ளி நடத்தும் ஆசிரியர்களுக்கும், பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு உடன் வரும் பெற்றோருக்கும் வணக்கம்.

மினியாபொலிசிலிருந்து 94-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடமேற்கே இரண்டு மணி நேரம் ஓட்டினால் அலெக்சாண்ட்ரியா வரும். அங்கே பிராட்வே தெருவில் உள்ள ரூன்ஸ்டோன் அருங்காட்சியகம் சிறியது. ஆனால் 1362-இல் ஐரோப்பியர் இங்கே வந்து வெட்டிய கல்வெட்டா, பிற்காலப் போலியா என்று நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்குத் தீராத ஒரு கல் அதற்குள் இருக்கிறது. அந்தக் கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, "உண்மை என்பவர்கள் கை தூக்குங்கள், போலி என்பவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்காதீர்கள். இந்த மடலின் வேண்டுகோள் அது ஒன்றுதான். கல்லைப் படிக்கச் சொல்லுங்கள். விகுதி தெரிந்த பிள்ளைக்கு, பழைய தமிழ் எண்களைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு, இந்தக் கல்லைச் சோதிக்க வேண்டிய கருவி பாதி கையிலேயே இருக்கிறது.

முதலில் கல்லைப் பற்றி. 1898-இல் கென்சிங்டன் ஊருக்கு அருகே ஓலோஃப் ஓமன் என்ற ஸ்வீடன் நாட்டுக் குடியேறி தன் நிலத்தில் மரம் களைந்தபோது, வேர்கள் பற்றியிருந்த நிலையில் இது கிடைத்தது என்பது அவர் சொன்ன செய்தி. கிரேவாக்கி என்ற கடினமான சாம்பல் நிறப் பாறை. எடை ஏறக்குறைய 92 கிலோ, உயரம் 76 சென்டிமீட்டர், அகலம் 41, கனம் 15. முகப்பில் ஒன்பது வரி, பக்கவாட்டில் மூன்று வரி, எல்லாம் ரூன் எழுத்து, அதாவது ஸ்காண்டிநேவியர் முற்காலத்தில் கல்லிலும் மரத்திலும் வெட்டிய எழுத்து. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு புள்ளி. எட்டு கோத்தர்களும் (தெற்கு ஸ்வீடன் மக்கள்) இருபத்திரண்டு நார்வேயர்களும் வின்லாந்திலிருந்து (வட அமெரிக்கக் கரைக்கு ஸ்காண்டிநேவியர் வைத்த பெயர்) மேற்கே வந்ததாகவும், ஒருநாள் மீன்பிடிக்கப் போய்த் திரும்பியபோது பத்துப் பேர் குருதியில் சிவந்து இறந்து கிடந்ததாகவும், கப்பலைக் காக்கப் பத்துப் பேர் கடலோரம் இருப்பதாகவும் வாசகம் சொல்கிறது. ஆண்டு 1362. உண்மையானால், கொலம்பசுக்கு 130 ஆண்டு முன்பே ஐரோப்பியர் அமெரிக்காவின் நட்டநடுவுக்கு வந்துவிட்டார்கள் என்றாகும்.

கல்லின் முன் முக்கால் மணி நேரமாவது ஒதுக்குங்கள். பன்னிரண்டு வரிகளையும் ரோமன் எழுத்துப் பெயர்ப்போடு பெரிதாக அச்சிட்டு ஆளுக்கொரு தாள் கொடுங்கள். தாள் இல்லாமல் போனால் காரியம் கெடும். ரூன்களை வெறும் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் கீறல்களாகத்தான் தெரியும், கவனம் பக்கத்து அறைக்கு ஓடிவிடும். முதல் வேலை, எண்களைக் கண்டுபிடித்து வட்டமிடுவது. முகப்பில் நான்கு (8, 22, 2, 10), பக்கத்தில் மூன்று (10, 14, 1362), ஆக மொத்தம் ஏழு.

இந்த எண்களில்தான் முதல் சிக்கல். குறிகள் ஸ்காண்டிநேவிய மரப் பஞ்சாங்கங்களில் வழங்கிய ஐந்தடுக்குக் கோட்டு எண்கள், அவை பழையவைதான். ஆனால் அவற்றை அடுக்கியிருக்கும் முறை இட மதிப்பு முறை: ஒன்று, மூன்று, ஆறு, இரண்டு என்று பக்கத்தில் பக்கத்தில். இடைக்கால ரூன் வெட்டுநர்கள் ஆண்டை இப்படி எழுதவில்லை. சொல்லாகவோ ரோமன் எண்ணாகவோ எழுதினார்கள். தாளின் ஓரத்தில் 1362-ஐத் தமிழில் இரண்டு விதமாக எழுதச் சொல்லுங்கள். பழைய முறையில் ௲௩௱௬௰௨. ஆயிரம், நூறு, பத்து ஆகியவற்றுக்குத் தனிக் குறி உண்டு, சுழியம் வேண்டியதில்லை. இட மதிப்பில் ௧௩௬௨. சோழர் கல்வெட்டு என்று ஒருவர் கொண்டுவந்து காட்டுவதில் இரண்டாவது வடிவம் இருந்தால் நம் கல்வெட்டு அறிஞர் என்ன கேட்பாரோ, அதே கேள்வியைத்தான் 1899 முதல் இந்தக் கல்லிடமும் கேட்டு வருகிறார்கள்.

இரண்டாவது, வினைமுற்று. கல்லில் 'நாங்கள்' என்பதற்கு 'வி' என்ற சொல். அதோடு வரும் வினைகள் 'ஹாதெ', 'வார்', 'கொம்': கொண்டிருந்தோம், இருந்தோம், வந்தோம் என்ற பொருளில். 14-ஆம் நூற்றாண்டு ஸ்வீடிய மொழியில் தன்மைப் பன்மைக்கு விகுதி உண்டு. அந்த வினைகள் 'உம்' அல்லது 'ஓம்' என்று முடிய வேண்டும். கல்லில் மூன்றுமே விகுதி உதிர்ந்து ஒருமையாக நிற்கின்றன. "நாங்கள் வந்தான்" என்று ஒரு கல்வெட்டில் இருந்தால் எப்படி உறுத்துமோ அப்படி. 19-ஆம் நூற்றாண்டு ஸ்வீடியப் பேச்சு வழக்கிலோ அந்த விகுதி பெரும்பாலும் போய்விட்டிருந்தது. ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. இடைக்கால ஆவணங்களிலும் இப்படி ஒருமை வினை சில இடங்களில் வருகிறது என்று எடுத்துக் காட்டினார்கள். அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஆனால் நீண்ட ஆவணத்தில் ஓரிடத்தில் விகுதி நழுவுவதும், ஒரு சிறு கல்லில் எல்லா இடத்திலும் நழுவுவதும் ஒன்றல்ல. இங்கே ஓர் எச்சரிக்கை: 'ஓம்' என்ற ஒலி ஒத்துப்போவதைக் கேட்டதும், தமிழுக்கும் ஸ்காண்டிநேவிய மொழிக்கும் உறவு என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அது தற்செயல். அங்கேயே நிறுத்துங்கள்.

மூன்றாவது, எழுத்தின் வடிவம். சில ரூன்களின் தலையில் இரட்டைப் புள்ளி இருக்கிறது. ஸ்வீடிய அச்சு எழுத்தில் இன்றும் உள்ள புள்ளி அது. இடைக்கால ரூன் வழக்கில் இல்லாதது. நீண்ட காலம் இதற்கு ஒப்பு கிடைக்கவில்லை. 2004-இல் ஸ்வீடனின் ஊமியோ நகர ஆவணக் காப்பகத்தில் எட்வர்ட் லார்சன் என்ற இளம் தையற்காரர் 1885-இல் எழுதிய தாள் கவனத்துக்கு வந்தது. கென்சிங்டன் கல்லின் வழக்கத்துக்கு மாறான ரூன்கள் பல அதில் வரிசையாக இருந்தன. 19-ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் இப்படி ஓர் எழுத்து வரிசை புழங்கியது என்பது அத்தோடு நிலைப்பட்டது. நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது. எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இன்றைய வடிவில் வந்தது 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால். 'லை', 'னை', 'றா' ஆகியவற்றின் இன்றைய வடிவம் 1978-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு பரவியது. 1940-இல் எழுதிய பத்திரம் என்று ஒருவர் நீட்டும் தாளில் புதிய 'னை' இருந்தால் நாம் என்ன நினைப்போம்? தாத்தா பாட்டியின் பழைய கடிதம் ஒன்று வீட்டில் இருந்தால் அதன் நகலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். துதிக்கை வைத்த பழைய 'லை'யைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு இந்தப் பாடம் மறக்காது.

நான்காவது பாறை. இதைப் பயணத்துக்கு முந்தைய வாரம் வகுப்பிலேயே செய்துவிடலாம். கல்லின் முகப்பில் ஒரு பகுதி கால்சைட், அதாவது சுண்ணாம்புக் கனிமம். எழுத்துகள் அதன் மேலேயும் ஓடுகின்றன. மழைநீரில் கால்சைட் மெல்லக் கரையும், கிரேவாக்கி அப்படிக் கரையாது. ஒரு பளிங்கு ஓட்டுத் துண்டு, ஒரு கருங்கல் துண்டு, ஓர் ஆணி, கடையில் கிடைக்கும் 5 சதவீத வெள்ளை வினிகர் போதும். இரண்டு துண்டிலும் ஆணியால் 'அ' கீறி, பாதி மூழ்கும்படி இரண்டு நாள் வையுங்கள். நடுவில் ஒருமுறை வினிகரை மாற்றுங்கள். பளிங்கில் மூழ்கிய பாதியின் விளிம்பு மழுங்கியிருக்கும். பளபளப்பான முகத்தில் கீறினால் சோதனை சொதப்பும், மேற்பூச்சு வினிகரை உள்ளே விடாது. அடிப்பக்கச் சொரசொரப்பில் கீறுங்கள். பளிங்குக்குப் பதில் கரும்பலகைச் சாக்கட்டி போடலாம் என்று நினைக்க வேண்டாம். பல சாக்கட்டிகள் ஜிப்சம், நுரைக்கவே நுரைக்காது.

1910-இல் மினசோட்டா வரலாற்றுச் சங்கத்துக்காகக் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் நியூட்டன் வின்செல் இந்தக் கால்சைட்டைக் கவனித்தார். அதன் மேலுள்ள எழுத்து அதிகம் அரிக்கப்படவில்லை. அப்படியானால் ஒன்று, கல் முகங்குப்புற மண்ணில் பாதுகாப்பாகக் கிடந்திருக்க வேண்டும். அல்லது எழுத்து அண்மையில் வெட்டியதாக இருக்க வேண்டும். ஒரே தடயம் இரண்டு பக்கமும் பேசுகிறது. பிள்ளைகள் இங்கே சற்று நிற்கட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அன்றைய குழு கல்லுக்கு ஆதரவாகவே சொன்னது. 1968-இல் அதே சங்கம் வெளியிட்ட வரலாற்றாளர் தியோடர் பிளேகனின் ஆய்வு அதை 19-ஆம் நூற்றாண்டு வேலை என்றது. இன்றைய ரூன் அறிஞர்கள் பெரும்பாலோர் நிலைப்பாடும் அதுதான். எங்கள் முடிவும் அதுவே. ஒளிக்க ஒன்றுமில்லை.

வழக்கு இன்னும் இழுபடுவதற்குக் காரணம், காலத்தைச் சொல்லக்கூடிய தடயங்கள் முதல் நாட்களிலேயே அழிந்துபோனதுதான். வேர் பற்றியிருந்ததாகச் சொல்லும் மரத்தை யாரும் பாதுகாக்கவில்லை. வளையத்தை எண்ணியிருந்தால் அது எத்தனை ஆண்டு நின்றது என்பதாவது தெரிந்திருக்கும். சாட்சிகளின் எழுத்து வாக்குமூலம் வாங்கியது 1909-இல், பதினோரு ஆண்டு கழித்து. எழுத்துக்குள் இருந்த மண்ணை ஆணியால் சுரண்டிச் சுத்தம் செய்ததாகவும் செய்தி. சுரண்டிய பள்ளத்தில் பழைய மேல்படிவு ஏது? ஊரில் வயல் உழும்போது எழுத்துள்ள கல் கிடைத்தால் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்துவிடுகிறோமே, அதே தவறு. கிடைத்த பொருளைக் கிடைத்த இடத்தில் அசைக்காமல் படமெடுத்து, அளந்து, அதிகாரிக்குச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லித்தர இதைவிட நல்ல சான்று அமையாது.

ஓமனைப் பற்றிப் பேசும்போது நாக்கை அடக்கிப் பேசுங்கள். கல்லை வெட்டியவர் யார் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. 1935-இல் இறக்கும்வரை தான் செய்யவில்லை என்றே அவர் சொன்னார். அருங்காட்சியகத்தில் உரத்த குரலில் "பித்தலாட்டம்" என்று சிரிக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவர்களுக்கு அது ஊரின் கல்.

கல்லை நம்பியவர்களும் மூடர்கள் அல்லர். ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் அமெரிக்காவுக்கு வந்தது உண்மை. கனடாவில் நியூஃபவுண்ட்லாந்தின் லான்சோ மெடோஸில் 1960-இல் நார்வே நாட்டு ஆய்வுப்பயணி ஹெல்கே இங்ஸ்டாட் கண்ட குடியிருப்பை அவரும் தொல்லியலாளர் ஆன் ஸ்டீனா இங்ஸ்டாடும் வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே கிடைத்தவை இரும்புக் கசடு, நூல் நூற்கும் தக்களியின் வட்டு, வெண்கல ஊசி, புல்மண் சுவரின் அடித்தளம். 1021-இல் அங்கே மரம் வெட்டியிருக்கிறார்கள் என்பது மர வளையத்தால் தெரிந்தது. ஒரு வரி எழுத்தும் தேவைப்படவில்லை. கென்சிங்டனில் பன்னிரண்டு வரி எழுத்து இருக்கிறது, கசடு இல்லை, அடுப்புக்கரி இல்லை, எலும்பு இல்லை. இந்த இரண்டு இடத்தையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதச் சொல்லுங்கள்.

இதைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு எழுத இன்னொரு காரணம் இருக்கிறது. நியூசிலாந்தில் வில்லியம் கொலென்சோ என்ற கிறித்தவ மறைப்பணியாளர் 1836 வாக்கில் மாவோரி மக்களிடம் கண்ட வெண்கல மணியும் மர வேரடியில் கிடைத்ததாகத்தான் சொன்னார்கள். "முகையதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி" என்று அதன் விளிம்பில் தமிழ் எழுத்து. எழுத்து தமிழ் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் மணி அங்கே போனதால் தமிழர் அங்கே குடியேறினார்கள் என்று ஆகாது. கைவிட்ட கப்பல் நீரோட்டத்தில் போகலாம், மணி பல கை மாறலாம். நம் வாட்சாப் குழுக்களில் அந்த மணியை வைத்து வரும் செய்திகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூதாதையர் மீதுள்ள ஆசை மினசோட்டா விவசாயிக்கு இருந்ததுபோலவே நமக்கும் இருக்கிறது.

கடைசியாகப் பயண வரிசை. அருங்காட்சியகத்துக்கு அருகே பிக் ஓலி என்ற 28 அடி வைக்கிங் சிலை நிற்கிறது; கேடயத்தில் "அமெரிக்காவின் பிறப்பிடம்" என்று எழுதியிருக்கும். அதை முதலில் காட்டாதீர்கள். பிள்ளைகள் மனத்தில் தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிடும். முதலில் கல், பிறகு சாப்பாடு, பிறகு காரில் அரை மணி தொலைவில் ஓமன் நிலம் இருந்த கென்சிங்டன் பூங்கா, திரும்பும் வழியில் சிலை. பருவத்துக்குப் பருவம் திறந்திருக்கும் நேரம் மாறும். குழுவாகப் போனால் முன்கூட்டியே தொலைபேசியில் எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். பூங்காவில் மேட்டின் மேல் நின்று, பக்கவாட்டு வரியைப் படியுங்கள்: கடலிலிருந்து 14 நாள் பயணம். அங்கிருந்து வடக்கே கடல் தொடங்கும் ஹட்சன் விரிகுடா நேர்கோட்டிலேயே 1,200 கிலோமீட்டருக்கு மேல். ஆற்று வளைவும் படகைத் தோளில் தூக்கும் தரைவழியும் தனி. நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வகுத்துப் பார்க்கட்டும். 'ஒருநாள் பயணம்' என்பது கடலோடிகளின் தொலைவு அளவு என்று ஆதரவாளர்கள் தரும் விடையையும் அதன் பக்கத்தில் எழுதட்டும்.

அந்த மேட்டிலேயே டகோட்டா மக்களைப் பற்றியும் சொல்லுங்கள். அது அவர்கள் நிலம்; மினசோட்டா என்பதே அவர்கள் மொழிச் சொல். அமெரிக்க அரசோடு அவர்களுக்கு நடந்த 1862 போருக்குப் பின் மன்கேட்டோவில் ஒரே நாளில் 38 டகோட்டா ஆண்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மாநிலத்திலிருந்து அம்மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். 36 ஆண்டு கழித்து, முதலில் இங்கே குருதி சிந்தியவர்கள் வெள்ளையரே என்று படிக்கத்தக்க ஒரு கல் கிடைக்கிறது. மாலையில் சிலையின் கேடயத்தைப் பிள்ளைகள் படிக்கும்போது, "யாருடைய பிறப்பிடம்?" என்று அவர்களே கேட்பார்கள்.

இப்படிக்கு,
கல்வெட்டுப் படிப்பில் ஈடுபட்டிருக்கும் சிலர்