வெட்டுப்பட்ட இளைஞன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, வெனிஸ் ஓவியர் ஜோர்ஜோனே பற்றிய கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ஆனால் அதோடு வந்த ‘புயல்’ ஓவியத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இடம் போதவில்லை போல, இடது ஓரத்தை வெட்டிவிட்டீர்கள். அங்கே கழியோடு நிற்கும் இளைஞனைக் காணோம்!

அவன் இல்லாமல் கட்டுரையாளரின் விளக்கமே நிற்காது. ‘இது ஏதேனிலிருந்து துரத்தப்பட்ட ஆதாமும் ஏவாளும்தான், மின்னல் கடவுளின் கோபம்’ என்று அடித்துச் சொல்கிறார். அப்படிச் சொல்லும் அறிஞர்கள் உண்டு, சரி. ஆனால் இவ்வளவு உறுதி எதற்கு? 1530-இல் வெனிஸில், வெந்த்ராமின் என்பவர் வீட்டில் இந்தப் படத்தைப் பார்த்த மிக்கியேல் என்ற கலை ஆர்வலர், ‘புயலோடு ஒரு சிறு நிலக்காட்சி, ஒரு ஜிப்ஸிப் பெண், ஒரு படைவீரன்’ என்று குறித்துவைத்தார். ஓவியர் இறந்து அப்போது இருபதே ஆண்டுகள். 1569-இல் அதே வீட்டுப் பட்டியலில் படைவீரன் இடையனாகிவிட்டான். சுவரில் மாட்டி வைத்திருந்தவர்களுக்கே ஆள் யாரென்று பிடிபடவில்லை.

1939-இல் எடுத்த எக்ஸ்ரே இதைவிட வேடிக்கை. இளைஞன் நிற்கும் அந்த மூலையில், வண்ணத்துக்கு அடியில், நீரில் காலை விட்டபடி இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏதேன் கதையை முடிவுசெய்துவிட்டுத் தூரிகையைத் தொட்டவர் இரண்டாவது பெண்ணை ஏன் வரையப் போகிறார்? முப்பது வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். மனுஷன் வரைந்துகொண்டே யோசித்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆக, அந்த இளைஞனை முதலில் விட்டுவிட்டது உங்கள் அச்சகம் இல்லை.

கட்டுரையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1510 அக்டோபர் 25 அன்று இத்தாலியின் மாந்துவாவை ஆண்ட குடும்பத்து அரசி இசபெல்லா தெஸ்தே வெனிஸிலிருந்த தன் ஆளுக்கு எழுதினார்: ஜோர்ஜோனே வரைந்த ‘இரவு’ ஓவியம் ஒன்று இருக்கிறதாம், வாங்கி அனுப்பு. நவம்பர் 7-இல் பதில் வந்தது. ஓவியர் கொள்ளைநோயில் இறந்துவிட்டார், அப்படி இரண்டு படங்கள் இருக்கின்றன, ஆனால் வைத்திருப்பவர்கள் என்ன விலை சொன்னாலும் தரமாட்டார்கள். ஜோர்ஜோனே பாதியில் விட்ட ‘உறங்கும் வீனஸ்’ படத்தை இன்னொரு வெனிஸ் ஓவியரான டிஷியன் முடித்தார் என்பார்கள். அது ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறது. ஜோர்ஜோனே எந்தப் படத்திலும் கையெழுத்துப் போடாதவர். வியன்னாவிலுள்ள ‘லாரா’ ஓவியத்தின் பின்புறம் 1506 என்ற ஆண்டோடு அவர் பெயர் எழுதியிருக்கிறது. அதை வைத்துத்தான் மற்றவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

அடுத்த இதழில் படத்தை முழுசாகப் போடுங்கள். அரைப்பக்கம் போதும், அசலே 83 செ.மீ. உயரம்தான். அந்தப் பெண் குழந்தையை மடியில் வைக்காமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பாலூட்டுகிறாள், பார்வை மட்டும் நம் மேல். பின்னால் ஊர்க் கூரையொன்றில் ஒரு வெள்ளைப் பறவை உட்கார்ந்திருக்கும். அச்சில் அதுவும் தெரிய வேண்டும்.

ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கும்பகோணம்