தீக்குச்சி செருகிய ஆர்மோனியம்

குடியாத்தம்,
ஞாயிறு இரவு

பாப்பா,

பாட்டில் சொல்லும் சுருதியும் ஓவியத்தில் சொல்லும் டோனும் ஒன்றுதானா என்று போனில் கேட்டாய். பஸ்ஸில் இருந்தேன், ஏதோ உளறி வைத்தேன். இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

ஆர்மோனியத்தில் மூன்று கருப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடம் தெரியுமல்லவா? அதில் முதல் கட்டையை ஸட்ஜமாக, அதாவது 'ஸ' என்று, பிடித்துக் கருப்பிலேயே மேலே போனால் மோகன ராகம். நேற்று அந்த மூன்றில் கடைசிக் கட்டையை அழுத்தி, நம் ஊர்த் தீக்குச்சி ஒன்றைச் செருகி, அது விடாமல் ஒலிக்கும்படி செய்தேன். அதன்மேல் அதே ஐந்து கட்டைகளைத்தான் வாசித்தேன். கேட்டது இந்தோள ராகம்! அடுப்படியில் இருந்த உங்கள் அம்மா, "ஏன் திடீரென்று அழுமூஞ்சியாக வாசிக்கிறீங்க?" என்று எட்டிப் பார்த்தாள். கிரக பேதம் என்பது இதுதான். கட்டை ஒன்றும் மாறவில்லை, ஆதாரமான 'ஸ' மட்டும் நகர்ந்தது.

படத்தில் டோன் என்றால் வெளிச்சமும் இருட்டும். அங்கேயும் பக்கத்தில் இருப்பதுதான் தீர்மானிக்கிறது. உன் தாத்தா நெய்த ஒரு கைலியில் நீலத்தை ஒட்டிய கருப்புக் கோடு வெளுத்திருக்கிறது என்று வியாபாரி திருப்பிவிட்டார். தாத்தா புது நூலுக்குச் சாயம் ஏற்றி மறுபடி நெய்தார். அப்போதும் அப்படியேதான். சாயக்காரரோடு ஒரு வருஷம் பேச்சே இல்லை, பாவம்.

பாரிஸில் கோப்லான் நெசவுக்கூடத்திலும் இதே புகார் வந்திருக்கிறது. சாயப் பிரிவின் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரெல் நூலைச் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை, பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை மங்கவைத்தன. 1839-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். தாத்தாவிடம் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் இரண்டும் முழுக்க ஒன்று என்று சொல்லமாட்டேன். பாட்டில் ஆதாரம் ஒலித்துக்கொண்டோ மனசில் நின்றோ இருக்க வேண்டும். படத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் விழுகிறது, எதை ஆதாரமாக எடுப்பது என்று கண்தான் தேடுகிறது. 1911-இல் மியூனிக்கில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்டுவிட்டு ஓவியர் கான்டின்ஸ்கி வரைந்த படத்தைப் பார். ஷோன்பெர்க் ஆதார சுருதியையே உதறியவர். படத்திலோ அந்தக் கருப்புப் பியானோ இருப்பதால்தான் அவ்வளவு மஞ்சளும் நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. நீ ஒத்துக்கொள்ளமாட்டாய், சரி.

அந்தக் கைலி இன்னும் இருக்கிறது, ஆர்மோனியத்துக்கு உறையாக. ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். நீலத்தை வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டு அந்தக் கோட்டைப் பார்.

அப்பா