மணலில் ஓட்டும் தம்பிகளுக்கு முதலில் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரியமான், வாலிநோக்கம், மூக்கையூர் பக்கம் விடுமுறை நாள் காலையில் கரடுமுரடுப் பாதைக்கான பைக்குகளின் சத்தம் இப்போது சாதாரணமாகிவிட்டது. ஓட்டுபவர்களில் பலர் ரப்பர் செருப்பு, அரைக்கால் டவுசர், பாதி மண்டையை மட்டும் மூடும் ஹெல்மெட்டோடு வருகிறார்கள். கைலியோடு வருபவர்களும் உண்டு. கைலியின் நுனி செயினில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. கேட்டால் "மணல்தானே அண்ணே, விழுந்தா மெத்தை மாதிரி" என்கிறார்கள். மண் தடத்தில் வண்டி ஓட்டுபவர்களும் அந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவர்களும் சேர்ந்து, அந்தப் பேச்சுக்குப் பதிலாக இதை எழுதுகிறோம்.

நம் கடற்கரையில் மேலே ஒரு சாண் மணல்தான் உதிரி. அதற்குக் கீழே ஈரம் ஏறி இறுகிக் கிடக்கிறது. முன்சக்கரம் உதிரி மணலில் புதையும்போது ஹேண்டில்பார் ஆடத் தொடங்கும். அந்த ஆட்டம் இயல்பானது. புதிதாக ஓட்டுபவர் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரை விட்டு முன் பிரேக்கைப் பிடிக்கிறார். உடனே எடை முழுவதும் முன்னால் சரிகிறது, சக்கரம் இன்னும் ஆழப் புதைந்து பக்கவாட்டில் மடங்குகிறது, ஓட்டுபவர் ஹேண்டிலைத் தாண்டிப் போய் விழுகிறார். கையை நீட்டியபடி விழுவதால் மணிக்கட்டும், தோள் மோதுவதால் காறை எலும்பும் முறிகின்றன. ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, இடுப்பைச் சற்றுப் பின்னே தள்ளி, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்து, பார்வையைத் தூரத்தில் நிறுத்தினால் வண்டி தானே நேராகும். இது பழக நாளாகும். பழகும்வரை விழத்தான் செய்வார்கள்.

இன்னொரு வகை விழுதலைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மெதுவாகப் போகும்போது வண்டி சாய்ந்தால் காலை ஊன்றித் தாங்கப் பார்ப்போம். தார் ரோட்டில் கால் வழுக்கி நகர்ந்துவிடும். மணலில் பாதம் புதைந்து நின்றுவிட, உடம்பும் வண்டியும் முன்னே போகின்றன. கணுக்காலும் முட்டியும் முறுக்கிக்கொள்வது அப்போதுதான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி வண்டியின் எடை கிட்டத்தட்ட 160 கிலோ. அது காலின் மேல் சாய்ந்தால், புதைந்த காலைத் தனியாளாக உருவி எடுக்க முடியாது. ஃபுட்ரெஸ்ட்டின் பல் கெண்டைக்காலில் இறங்கும், சூடான சைலன்சர் தொடையில் படும். இத்தனையும் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் நடக்கக் கூடியவை.

அதனால்தான் ஹெல்மெட்டுக்கு அடுத்து எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு, யோசிக்காமல் பூட்ஸ் என்று சொல்கிறோம். ஜாக்கெட் பிறகு வரட்டும். சத்தம் போடும் சைலன்சர் வராமலே போகட்டும். இங்கே பூட்ஸ் என்பது போலீஸ் பூட்ஸோ, கட்டட வேலைக்கான இரும்பு முனை ஷூவோ ஆகாது. மண் தடப் பந்தயத்துக்கான மோட்டோகிராஸ் பூட்ஸ் முட்டிக்குச் சற்றுக் கீழே வரை வரும். அடிப்பாதத்தில் வளையாத தகடு இருக்கும், கணைக்கால் எலும்புக்கு முன்னே கெட்டிப் பிளாஸ்டிக் இருக்கும், இழுத்துப் பூட்டும் பக்கிள்கள் மூன்று நான்கு இருக்கும். கணுக்கால் இடத்தில் கீல் உள்ளவை முன்னும் பின்னும் மடங்கும், பக்கவாட்டில் மடங்காது. காலைக் காப்பது அந்தப் பிடிவாதம்தான். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13634 என்ற எண் உள்ளே தைத்த துணியில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை பத்தாயிரத்தைத் தாண்டும் என்பது உண்மைதான். வண்டிக்கு ஒன்றரை லட்சம் கொடுத்த வீட்டில் இதற்கு மனம் வராமல் போவது எங்களுக்குப் புரிவதில்லை.

பூட்ஸ் வாங்கியதும் வண்டியிலும் ஒரு வேலை இருக்கிறது. செருப்புக் காலுக்கு ஏற்ப வைத்த கியர் லிவருக்கு அடியில் பூட்ஸின் தடித்த முனை நுழையாது. கியர் விழவில்லை என்று பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். லிவரை இறுக்கும் போல்ட்டைக் கழற்றி, லிவரை உருவி, ஒரு பல் மேலே தள்ளிப் பொருத்த வேண்டும். கம்பி இணைப்புள்ள வண்டிகளில் கம்பியின் இரு முனை நட்டுகளையும் தளர்த்தி நீளத்தை மாற்றினால் போதும். பின் பிரேக் பெடலையும் பூட்ஸுக்கு ஏற்றபடி சரிசெய்து, பெடலில் சிறிது தளர்வு இருக்கிறதா, பிரேக் விளக்கு சரியான இடத்தில் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பெடலில் எப்போதும் கால் அழுந்திக்கொண்டிருந்தால் பிரேக் சூடேறிப் பிடிப்பு போய்விடும்.

ஹெல்மெட் பற்றி நிறைய எழுதியாயிற்று என்றாலும், சிலவற்றை விட முடியவில்லை. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே ஐஎஸ் 4151 என்றும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் தயாரித்தவர் யார் என்று தெரியும். ரோட்டோரம் தொங்கும் பலவற்றில் முத்திரை மட்டும் இருக்கும், எண் இருக்காது. புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தலையைச் சுற்றி டேப்பால் அளந்து, 580, 600 என்று மில்லிமீட்டரில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். மாட்டியபின் தாடைப்பகுதியைப் பிடித்து அசைத்தால் கன்னத்துத் தோலும் கூடவே அசைய வேண்டும். ஹெல்மெட் மட்டும் சுற்றினால் அது பெரியது.

இரட்டை வளையப் பட்டியைத் தவறாகப் பூட்டுவோர் அதிகம். பட்டியை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு, திருப்பி வெளிவளையத்தின் மேலாகக் கொண்டுவந்து, உள்வளையத்துக்குள் மட்டும் நுழைத்து இழுக்க வேண்டும். நுனியில் உள்ள பட்டன் மீதிப் பட்டி காற்றில் அடிக்காமல் இருப்பதற்குத்தான். அதை மட்டும் அழுத்திவிட்டுப் போனால் ஹெல்மெட் முதல் அடியிலேயே கழன்று போகும்.

மண் தடத்துக்கு, தாடை முன்னே நீண்டு, நெற்றிக்கு மேல் தொப்பி போல் நீட்டிய வகை நல்லது. மூச்சு முட்டாது, எதிர்வெயில் மறையும். ஆனால் அதே ஹெல்மெட்டோடு பாம்பன் பாலத்தில் வேகமாகப் போனால் அந்த நீட்டல் காற்றைப் பிடித்துத் தலையைப் பின்னே இழுக்கும். ராமேஸ்வரம் தீவுக்குப் போய்வருபவர்கள் அந்த நீட்டலை மட்டும் கழற்றிவிட்டுப் பாலம் ஏறுவது மேல். ஹெல்மெட்டின் உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை. ஒருமுறை அடி வாங்கினால் அது உள்ளுக்குள் நசுங்கிவிடும். வெளி ஓட்டில் கீறலே இல்லாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைப்பதும் அதைக் கரைக்கும்.

கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் மாதங்களில் கண்ணாடி இல்லாமல் ஓட்டவே கூடாது. கூலிங் கிளாஸ் போதாது. முகத்தோடு ஒட்டும் ஸ்பாஞ்ச் உள்ள காகிள்ஸ் வேண்டும். அதில் படிந்த மணலை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி மங்கிப்போகும், தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

உடம்புக் காப்பில் ஒரு குழப்பம் இருக்கிறது. மார்பில் மாட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் தட்டு, முன்னே போகும் வண்டி வாரியடிக்கும் கல்லைத் தடுக்க வந்தது. ஹேண்டில் முனை நெஞ்சில் இடிக்கும்போது அதனால் பெரிய பயன் இருக்காது. அந்த இடியைத் தாங்குவதாகச் சோதிக்கப்பட்ட மார்புக் காப்பில் ஈஎன் 1621-3 என்றும், முதுகுக் காப்பில் 1621-2 என்றும், முட்டி, முழங்கை, தோள் காப்புகளில் 1621-1 என்றும் எழுதியிருக்கும். கூடவே நிலை 1 அல்லது நிலை 2 என்று இருக்கும். முதுகுக் காப்பைச் சோதிக்கும்போது நிலை 1-இல் சராசரியாக 18 கிலோ நியூட்டன் வரை விசை உள்ளே கடக்கலாம். நிலை 2-இல் 9 மட்டுமே. விலை வித்தியாசம் சொற்பம் என்றால் இரண்டாவதையே எடுங்கள். முட்டிக் காப்பைப் பேன்ட்டுக்கு உள்ளே, பூட்ஸுக்கு முன்பு மாட்டி, அதன் கீழ்ப்பகுதியை பூட்ஸுக்குள் செருக வேண்டும். மேலே மாட்டினால் விழும் நொடியில் அது கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும். கழுத்துக்குப் போடும் வளையத்தை ஆரம்பத்தில் ஓட்டுபவருக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அளவு தவறினால் அது காறை எலும்பின் மேலேயே உட்காரும். கையுறை மெல்லியதாக, உள்ளங்கையில் ஒற்றை அடுக்காக இருந்தால் பிடி நன்றாக இருக்கும். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள்.

இந்தக் கரைக்கே உரிய ஆபத்துகள் வேறு இருக்கின்றன. சீமைக்கருவேல முள் சாதாரண ஷூவின் அடியைத் துளைத்து உள்ளே வரும். நுனி ஒடிந்து மூட்டுக்குப் பக்கத்தில் தங்கினால் வீக்கம் நாள்கணக்கில் வடியாது. ஊசியால் நோண்டாமல் மருத்துவரிடம் போய், டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும். பனங்கருக்கு விரலை அறுக்கும், அதற்கு ஹேண்டிலின் இரு முனையையும் இணைக்கும் அலுமினியப் பட்டையோடு கூடிய கைக்காப்பு உதவும். நாட்டுப்படகு கட்டியிருக்கும் கரையில் நங்கூரக் கயிறு குறுக்கே ஓடும், விடியற்காலையில் கண்ணுக்குத் தெரியாது. கிழிந்த நைலான் வலை, செயின் ஓடும் பல்சக்கரமான பின் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இவற்றுக்கு எந்தக் கவசமும் முழுப் பதில் ஆகாது. வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டப் போகும் தடத்தை முதலில் நடந்து பார்க்க வேண்டும். தேவிபட்டினம், தொண்டி என்று பெண்கடல் எனப்படும் பாக் விரிகுடாப் பக்கம் போனால் மணலைவிடச் சேறுதான் தொல்லை. மேலே உப்புப் படிந்து காய்ந்த தரை போலத் தெரியும், உள்ளே அச்சு வரை இறங்கும்.

மணலுக்காக டயர் காற்றைக் குறைப்பவர்கள் முன் டயரில் 25 பவுண்டிலிருந்து 16 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால், டயரை ரிம்மோடு பிடித்து வைக்கும் ரிம் லாக் இல்லாத வண்டியில் டயர் வழுக்கி ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும். தார் ரோடு ஏறும் முன் மறுபடி காற்றடிக்க ஒரு கைப் பம்பு எடுத்துப் போங்கள்.

"இவ்வளவும் போட்டால் வெந்துவிடுவோம்" என்ற மறுப்பு நியாயமானது. சித்திரை வெயிலில் நாங்களும் அதையே சொல்வோம். காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். வலைத்துணியில் தைத்த காப்பும், அதன் மேல் வியர்வை சீக்கிரம் உலரும் பாலியஸ்டர் ஜெர்சியும் போடுங்கள். பருத்திப் பனியன் நனைந்து தோலை உரிக்கும். முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் ஓஆர்எஸ் பொட்டலம். வியர்ப்பது நின்று, பேச்சுக் குழறினால் வண்டியை விட்டு இறக்கி நிழலில் கிடத்தி, உடம்பை நனைத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

உப்பு, கவசத்தையும் தின்னும். வீடு திரும்பியதும் பக்கிள், ஜிப், ஹெல்மெட் வளையம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். வெல்க்ரோவில் சிக்கிய மணலைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுக்காவிட்டால் சீக்கிரமே ஒட்டாமல் போகும்.

எங்கே ஓட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். தனுஷ்கோடியில் 2025-இல் பூநாரைகளுக்கான சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரைகளில் சக்கரத் தடம் விழுந்தால் முட்டை நசுங்கும், கடலுக்குப் போகும் குஞ்சுகள் தடத்தில் மாட்டிக்கொள்ளும். கருவாடு காயும் இடமும் வலை விரித்த இடமும் மீனவர்களின் பணியிடம். பதிவெண் இல்லாத மோட்டோகிராஸ் வண்டியைப் பொதுச்சாலையில் ஒரு அடிகூட ஓட்ட முடியாது, வேனில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். பந்தயம் வைத்து விழுந்தால் காப்பீடு கிடைக்காது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு தனியார் தரிசு நிலத்தில் பழகுவதுதான் நல்லது.

ஒருவர் விழுந்து எழவில்லை என்றால் கூட்டம் முதலில் ஹெல்மெட்டை இழுக்கிறது. மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். காகிள்ஸை மட்டும் கழற்றிவிட்டுத் தலை ஆடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சு இல்லாவிட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டை இருபுறமும் பிடிக்க, மற்றவர் பட்டியை அவிழ்த்து, ஒரு கையைப் பிடரிக்கு அடியிலும் ஒரு கையைத் தாடையிலும் வைத்துத் தாங்க வேண்டும். பிறகு முதலாமவர் ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் விரித்து, மூக்கில் இடிக்காமல் மெல்ல உருவ வேண்டும். ஆம்புலன்ஸ் மணலில் இறங்காது என்பதால், ஸ்ட்ரெச்சரில் தூக்கிவரக் கூடிய தூரத்துக்கு அப்பால் ஓட்டாமல் இருப்பது நல்லது.

ராமநாதபுரம், பரமக்குடி ஷோரூம்காரர்களிடம் ஒரு கோரிக்கை. வண்டிக்குத் தவணை போடும்போது ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் காப்பு மூன்றையும் அதே தவணையில் சேர்க்க வழி செய்யுங்கள். ஏழு முதல் பத்து வரையிலான அளவுகளில் ஒவ்வொரு சோடி பூட்ஸையாவது போட்டுப் பார்ப்பதற்குக் கடையில் வையுங்கள். இப்போது ஆன்லைனில் வாங்குகிறவர்கள் தடித்த காலுறையோடு அளவு பார்க்காமல் வாங்கி, விரல் இடிக்கிறது என்று அதைப் பரணில் போட்டுவிட்டு, மறுபடி செருப்போடு மணலுக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
மண் தட பைக் ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள் சிலர்
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்