பைதான் தொடரில் விட்டுப்போன ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வரும் பைதான் நிரல்மொழித் தொடரை நானும் என் மகளும் முதல் வாரத்திலிருந்து படிக்கிறோம், நன்றாகவே போகிறது. ஆனால் போன வாரம் எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நூலகத்தின் 1.26.4 பதிப்பை, பைதானின் நிறுவு கருவியான பிப் (pip) மூலம் நிறுவச் சொல்லிவிட்டு நீங்கள் அடுத்த பத்திக்குப் போய்விட்டீர்கள், எங்கள் வீட்டில் அந்த ஒரு வரிக்கே ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

கட்டளையைத் தட்டியதும் ஏதேதோ ஓடி, முழ நீளத்துக்குப் பிழைச் செய்தி வந்து நின்றது. கடைசி வரியில் மெட்டாடேட்டா தயாராகவில்லை என்று இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் புரியாது. மேலே தள்ளிப் பார்த்தால்தான் ‘அன்நோன் கம்பைலர்ஸ்’ என்று ஒரு வரி, பக்கத்திலேயே சிஎல், ஜிசிசி, கிளாங் என்று அது தேடிப் பார்த்துக் கிடைக்காத பெயர்கள். அதாவது, சி மொழி நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் கம்பைலர் எங்கள் கணினியில் இல்லை. மகளோ தான்தான் தப்பாகத் தட்டிவிட்டதாக நினைத்து மூன்று முறை பைதானை அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

இணையத்தில் தேடினால், விண்டோஸில் கம்பைலர் கிடைக்க விஷுவல் ஸ்டுடியோ பில்ட் டூல்ஸ் போடு என்கிறார்கள். அது பல ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் ஒன்றரை ஜிபியை வைத்துக்கொண்டு எப்போது இறக்கி முடிப்பது?

உண்மையில் கம்பைலரே தேவைப்படவில்லை. 1.26.4-க்கு ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்த ‘வீல்’ கோப்புகள் பைதான் 3.12 வரைதான் உண்டு, எங்களிடம் இருந்ததோ 3.13. பொருத்தமான வீல் இல்லாவிட்டால் பிப் பாட்டுக்கு மூல நிரலை இறக்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும். அரைத்த மாவு கேட்டவரிடம் அரிசியைக் கொடுத்து, வீட்டில் கிரைண்டர் இருக்குமில்லையா என்பது மாதிரி. 3.12-ஐயும் கூடவே நிறுவி, ‘பை -3.12 -எம் பிப் இன்ஸ்டால்’ என்று தொடங்கித் தட்டினோம், சில நிமிடத்தில் முடிந்தது. பதிப்பு எண் கொடுக்காமல் வெறும் நம்பை என்று கேட்டிருந்தாலும் 3.13-க்கு ஏற்ற புதியது வந்திருக்கும். பழையதுதான் வேண்டும் என்பதற்குத் தொடரில் ஒரு காரணமும் காணோம்.

விண்டோஸுக்குப் பதில் உபுண்டு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை, அதன் நிறுவு கருவியான ஏபிடி-யில் (apt) கம்பைலர் அடங்கிய பில்ட்-எசென்ஷியலும் பைதான்3-டெவ்வும் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எந்தப் பைதான் பதிப்பில் சோதித்துவிட்டு எழுதுகிறீர்கள் என்பதைத் தொடரின் தலைப்புக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். அப்புறம், அடுத்தது அட்டவணைத் தரவுக்கான பாண்டாஸ் நூலகம் என்று அறிவித்திருக்கிறீர்கள், அதற்கும் பதிப்பு எண் உண்டென்றால் ஒரு வாரம் முன்னதாகவே சொல்லுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்